பூசையில் இருந்த தகடு

போன மாதம் எங்கள் ஊரான கணபதியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் மரவேலை வகுப்பு தொடங்கினார்கள். வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை வைத்து, தங்களுக்கு வேண்டிய மேசை, அலமாரியைத் தாங்களே செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கான வகுப்பு. அந்த ஷெட்டில் ஒரு காலத்தில் நான் வேலை பார்த்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய நாட்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் பழைய முதலாளி பொன்னுசாமி உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார்.

வகுப்பை நடத்துவது அவருடைய மகன் கார்த்தி. மைக்கைப் பிடித்துக்கொண்டு பட்டறையின் கதையைச் சொன்னான். அதில் அங்கே மெஷின் ஓட்டிய ரங்கசாமி அண்ணன் செத்ததும் வந்தது. "அன்னிக்கு நேரஞ் சரியில்லீங்க. நம்ம கையில என்ன இருக்குது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, காபி எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லப் போய்விட்டான்.

நேரம் சரியாகத்தான் இருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த நேரத்தைக் குறித்ததே அவன் அப்பாதான். நேரத்தின் மேல் பழி போட்டால் நேரம் வந்து சண்டை பிடிக்காது என்று இத்தனை வருடமாக எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள். அந்த நேரம் அலுத்துப்போகும் நாட்களில் பழியை என் மேல் போடுவார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் சோமனூரில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். கல்யாணமாகிக் கணபதிக்கு வந்தேன். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொன்னுசாமியின் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் மரத்தூள் கூட்டினேன், பிறகு பசை காய்ச்சினேன், அப்புறம் ரம்பத்துக்குப் பின்னால் நின்று பலகை வாங்க ஆரம்பித்தேன். வேலை பழகிய கதையெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன்.

பட்டறை என்றதும் பெரிய கம்பெனி என்று நினைக்க வேண்டாம். முதலாளி வீட்டுச் சமையலறைக்கும் பின்மதிலுக்கும் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். ஒரு ரம்ப மெஷின், ஒரு இழைப்பு மெஷின், இரண்டு வேலை மேசை. அவர்கள் மிளகாய் தாளித்தால் எங்களுக்கு இருமல், நாங்கள் மரம் இழைத்தால் அவர்கள் சோற்றில் தூள். பம்பு செய்கிற ஃபவுண்டரிகளுக்கு நாங்கள் பேட்டர்ன் செய்து கொடுத்தோம். உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் அச்சு எடுக்க வேண்டும் அல்லவா, அந்த அச்சை எடுப்பதற்கான மர மாதிரிதான் பேட்டர்ன். அதற்கு மெல்லிய பலகை வேண்டும். கடையில் கிடைப்பதோ தடிப்பலகை. அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் நீளவாக்கில் ரம்பம் விட்டு, ஒன்றை இரண்டாக்குவோம். பிளப்பு என்று சொல்வோம்.

அந்தப் பட்டறையில் ஆளைக் கொல்லக்கூடிய வேலை ஒன்று உண்டென்றால் அது பிளப்புதான். மரத்துக்குள் ஒரு முறுக்கு இருக்கும், வெளியே தெரியாது. நடுவில் ரம்பம் போனதும் அந்த முறுக்கு அவிழும். அறுபட்ட இரண்டு பாதியும் சில சமயம் விலகிப் போகும், சில சமயம் ஒன்றையொன்று நெருங்கி வாயை மூடிக்கொள்ளும். மூடினால் சுழல்கிற ரம்பத்தின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் கீழேயிருந்து மேலே வருகிறவை. பலகையைத் தூக்கி, அதைத் தள்ளுகிற ஆள் மேலேயே எறிந்துவிடும். ஒதுங்கலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்காகத்தான் ரம்பத்தை ஒட்டிப் பின்னால் ஒரு இரும்புத் தகடு மாட்டியிருக்கும். ரம்பத்தின் உச்சியைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். ரம்பம் போட்ட வழியிலேயே தானும் நுழைந்து, வாய் மூடாமல் பிடித்துக்கொள்ளும். பலகை நீண்டு வெளியே வர வர, பின்னால் நிற்கிற ஆள் அந்த வாயில் மர ஆப்பைச் செருக வேண்டும். அந்த ஆள் நான்.

மெஷின் ஓட்டியவர் ரங்கசாமி அண்ணன். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சில் 'ங்க' கூடிவிடும், அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதில் ஒருநாள் பலகையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மெஷினை நிறுத்தினார். ரம்பம் சுழன்று அடங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, பலகை உங்களுதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அப்புறம் எதுக்குங்க புடுங்கறீங்க? நான் தள்ளித் தாரேனுங்க. நீங்க பாரத்தைத் தாங்கி வாங்கிக்கிட்டாப் போதுமுங்க. நீங்க இழுத்தா என்ற கையும் கூடச் சேந்து ரம்பத்துக்கு வந்துருமுங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் எந்தப் பலகையையும் இழுத்ததில்லை.

பிளப்புக்கு முன்னால் அவர் செய்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் பொறுமை இல்லாதவர்களுக்கு எரிச்சல் வரும். பழைய வீடு இடித்த மரமாக இருந்தால் காந்தத்தை வைத்து ஆணி தேடுவார், பிறகு விரலால் தடவித் தேடுவார். பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் ஆட்டமில்லாமல் இழைப்பார். இழைத்த முகம் கைடில் ஒட்டி நிற்க வேண்டும், இழைத்த விளிம்பு மெஷின் மேசையில் உட்கார வேண்டும். கைடு என்பது பலகை நேராகப் போவதற்காகப் பக்கத்தில் நிற்கும் இரும்புச் சுவர். முழு ஆழத்தையும் ஒரே ஓட்டில் அறுக்கவே மாட்டார். ரம்பத்தைக் கொஞ்சமாக ஏற்றி ஒரு விளிம்பில் ஓட்டுவார். பிறகு முனை மாற்றிக் கவிழ்த்து, அதே முகம் கைடில் படும்படி வைத்து, அடுத்த விளிம்பில் ஓட்டுவார். மறுபடி ஏற்றுவார், மறுபடி ஓட்டுவார். கடைசியில் நடுவில் ஒரு மெல்லிய பட்டையை அறுக்காமல் விட்டுவிட்டு, அதைக் கைரம்பத்தால் அறுத்துப் பிரிப்பார். ரம்பத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக மாட்டார், தள்ளுவதற்கு ஒரு கட்டை வைத்திருப்பார்.

நிற்கிற இடம் அவருக்கு ரொம்ப முக்கியம். பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் இடதுபக்கம் ஒதுங்கித்தான் நிற்பார். பலகை திரும்பி வந்தால் எந்த வழியாக வருமோ அந்த வழியைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். முதலாளியே அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றாலும் மெஷினை நிறுத்திவிட்டு, "சித்த அக்கட்ட வாங்க" என்று தள்ளி நிற்கச் சொல்வார்.

இனி அண்ணன் செத்த வருடத்து ஆயுத பூசைக்கு வருகிறேன். மெஷினைத் தூக்கிப்போய்ச் சாமி முன்னால் வைக்க முடியாது. அதனால் அதற்குப் பதிலாக அந்தத் தகட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உளி இழைப்புளியோடு பூசையறையில் வைப்பது அந்த வீட்டு வழக்கம். மறுநாள் முதலாளியம்மா மறுபூசை செய்து எடுத்துக் கொடுப்பார். தகட்டை மாட்டிய பிறகுதான் மெஷினைப் போடுவோம். வருடா வருடம் அப்படித்தான் நடந்தது. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். தகட்டுக்குப் பொட்டு வைத்ததில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பொரியும் கடலையும் மடி நிறைய வாங்கிப் போனவள்தான்.

அந்த வருடம் பொன்னுசாமி மறுபூசை நாளில் ஒரு புது ஃபவுண்டரிக்காரரை வரச் சொல்லியிருந்தார். நல்ல நேரத்தில் முதல் பலகையை அவர் கண் முன்னால் பிளந்து காட்டி வேலை பிடிக்க வேண்டும் என்பது ஆசை. நல்ல நேரம் காலையிலேயே வந்துவிட்டது. மறுபூசை செய்ய வேண்டிய முதலாளியம்மாவோ அவிநாசிக் கோயிலுக்குப் போயிருந்தார், மத்தியானம்தான் திரும்புவார். மறுபூசை ஆகாமல் பூசையில் வைத்ததைத் தொடக் கூடாது.

ரங்கசாமி அண்ணன் ரம்பத்துக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"தகடு இல்லாம பிளப்பு வேண்டாமுங்க. நேரத்துக்கு ஒரு சின்னக் கட்டையைக் குறுக்க அறுத்துப்போடலாமுங்க. அதும் முதல் வேலைதானுங்களே" என்றார்.

"அவுரு பிளப்பைப் பாக்கத்தான் ரங்கசாமி வந்திருக்கறாரு. வெறகு அறுக்கறதையா காட்டறது? ஒரே ஒரு பலகை. ஒரே ஓட்டுல ஓட்டிப்போடுங்க, பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"தகட்டை எடுத்துக் குடுத்தீங்கன்னா நிமிசத்துல மாட்டிப்போடுவேனுங்க."

"பூசையில இருக்கறதை எடுக்கச் சொல்றீங்களா? நீங்களே இப்பிடிப் பேசினா எப்பிடிங்க?"

விருந்தாளி பக்கத்திலேயே நின்றார். விருந்தாளி முன்னால் முதலாளியை எதிர்த்து இரண்டாவது வார்த்தை பேச அண்ணனால் முடியாது, அந்த மாதிரி வளர்ப்பு. என் பக்கம் திரும்பினார். "அம்மணி, ஆப்பு கையில நெறைய வெச்சுக்குங்க. வாய் தெரிஞ்ச ஒடனே செருகிப்போடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேனுங்க."

நான் ஆப்புகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். பொன்னுசாமி என் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ சித்த அக்கட்ட நின்னுக்கோ கண்ணு. முதல் பலகை. நல்ல காரியம். தப்பா எடுத்துக்காதே."

எவ்வளவு மரியாதை பாருங்கள். ஒரு விதவையைக் கண்ணு என்று கூப்பிட்டு விரட்டுகிற நாகரிகம் எங்கள் ஊருக்குத்தான் வரும். மற்ற நாட்களில் பட்டறையின் ஒவ்வொரு பலகையும் என் கை வழியாகத்தான் போனது, அப்போதெல்லாம் எந்தப் பலகைக்கும் தீட்டுப் படவில்லை.

"ஆப்பு ஆருங்க வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"நான் வாங்கிக்கறேன், குடு."

கொடுத்தேன். அவர் அதை வாங்கி இழைப்பு மெஷின் மேல் வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். பிறந்ததிலிருந்து அவர் ஒரு பலகை வாங்கியதில்லை. நான் ஷெட்டுக்கு வெளியே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. பூசைக்காகத் தரையைக் கழுவியிருந்தார்கள், சுண்ணாம்புக் கோடு போயிருந்தது. மெஷினுக்கு இடதுபக்கம், அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தில், பெரிதாகக் கோலம் போட்டு நடுவில் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். அண்ணன் கோலத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மிதிக்க மனசு வரவில்லை. ஓர் எட்டு உள்ளே தள்ளி, பலகைக்கு நேராக நின்றுகொண்டார்.

ரம்பத்தை முழுசாக ஏற்றிச் சுவிட்சைப் போட்டார். தேக்குப் பலகை, சந்தனப் பொட்டெல்லாம் வைத்திருந்தது. பாதி தூரம் நன்றாகப் போனது. பிறகு மோட்டார் முக்க ஆரம்பித்தது. தறிச் சத்தத்தில் பிறந்தவளுக்கு மெஷின் எங்கே திணறுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "மூடுதுங்கண்ணா, நிறுத்துங்க" என்று கத்தினேன். அண்ணன் பலகையை அமுக்கிக்கொண்டு சுவிட்சுக்குக் கையை நீட்டினார். பலகை நின்றுவிட்டது என்று பதறிய பொன்னுசாமி, அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

அந்த இழுப்பில் பின்பக்கப் பற்கள் கவ்வ, பலகை அவர் கையைவிட்டுப் போய் அண்ணனின் விலாவுக்குக் கீழே முனையால் குத்தியது. மெஷின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இன்னொரு கையால் மெஷினை நிறுத்தினார். அப்போதும் முதலில் மெஷினைத்தான் நிறுத்தினார்.

எல்லோரும் ஓடினோம். "ஒண்ணுமில்லீங்க" என்றார். "பலகை வீணாப் போச்சுங்களே" என்று விருந்தாளியைப் பார்த்து வருத்தப்பட்டார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தம் இல்லை, கன்றிச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியா? சித்த படுத்தாச் சரியாப் போயிரும்" என்றார் பொன்னுசாமி. மறுபடி சொன்னேன். என் பேச்சை அன்றைக்கு யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணனும், "அவுரு சொல்றது சரிதானுங்க அம்மணி, சங்கடப்படாதீங்க" என்றார். மற்றவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றே வாழ்ந்த மனுஷன். காபி கொடுத்தார்கள், குடித்தார். மரத்தூள் மூட்டை மேல் சாய்ந்து படுத்தார்.

மத்தியானம் முதலாளியம்மா வந்து மறுபூசை செய்தார். மணிச் சத்தம் ஷெட்டுக்குள் கேட்டது. பூசை முடிந்து தகட்டைக் கொண்டுவந்து வேலை மேசை மேல் வைத்தார்கள். அப்போது அண்ணனின் முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் வரவில்லை. அப்புறம்தான் ஆட்டோ பிடித்தார்கள், நானும் கூடப் போனேன். உள்ளே ஏதோ கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையிலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். பொன்னுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

எழவு வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி பாப்பாத்தியக்கா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு முன்னாலேயே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல காரியத்தில் அந்த அம்மணி குறுக்கே நின்றாள், நடுவில் அபசகுனமாகக் கத்தினாள், அவர் கவனம் தப்பிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி போய், தகடு இல்லாததைச் சொன்னேன், கோலத்தைச் சொன்னேன், பலகையை யார் இழுத்தார்கள் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சாகும்வரை அந்தக் கதையைத்தான் நம்பினார். என் வாழ்க்கையில் எனக்கு ஆறாத கோபம் அதுதான், நேரத்தின் மேல் பழி போட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டறையில் மெஷினுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். நான் அங்கிருந்து விலகி, சிங்காநல்லூரில் வேறொரு பட்டறையில் சேர்ந்து, வயதாகி நிற்க முடியாமல் போகும்வரை பலகை வாங்கினேன். சேரும்போதே ஒன்று சொல்லிவிட்டேன், தகடு மாட்டாமல் சுவிட்சைப் போட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. வாயாடி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எனக்கு இருந்தவரை எல்லோரும் கைகால் முழுசாக வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். காபி முடிந்து, பிளப்பு காட்டுவதற்காகக் கார்த்தி எல்லோரையும் ஷெட்டுக்குள் கூட்டிப்போனான். அதே மெஷின், பச்சைப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். தடிப்பலகை ஒன்று தயாராக இருந்தது. வந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பலகை திரும்பி வரும் வழியில் வரிசையாக நின்றார்கள். ரம்பத்துக்குப் பின்னால் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

"தகடு எங்கே கார்த்தி?"

அவன் சுவரைக் காட்டினான். சாமி படங்களுக்குக் கீழே, ஆணியில், அந்தத் தகடு தொங்கியது. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம்.

"அப்பா அதை ரங்கசாமியண்ணன் ஞாபகமாப் பூசையிலயே வெச்சுட்டாருங்கக்கா. அன்னிக்கு இருந்து நாங்க எறக்கறதில்லீங்க."

இத்தனை வருடமும் அந்த மெஷின் தகடு இல்லாமலே ஓடியிருக்கிறது. அதுவும் அண்ணனுக்கு மரியாதை என்ற பெயரில்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். யாரோ "பாத்துங்க" என்றார்கள். சரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தகட்டை இறக்கினேன். நல்ல சேலையின் முந்தானையாலேயே சந்தனத்தைத் துடைத்தேன். பொன்னுசாமி ஷெட்டுக்குள் அவருக்குப் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். கார்த்தி திகைத்துப்போய், "அக்கா, அது பூசையில இருக்கறதுங்க" என்றான்.

"அன்னிக்கும் இது பூசையிலதான் கண்ணு இருந்துச்சு" என்றேன்.

கார்த்தி தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. கார்த்தி ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினான். தகட்டை மாட்டிப் போல்ட்டை இறுக்கினேன். கோடு போட சுண்ணாம்பு கேட்டேன். கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கினேன். கழிவுக் கட்டையில் ஆப்பு செதுக்கிக்கொண்டு ரம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அம்மணி, முதல் பலகை..." என்று பொன்னுசாமி ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முடிக்கவில்லை.

"சுவிட்சைப் போடு கார்த்தி" என்றேன். பலகை வந்தது. வாங்கிக்கொண்டேன்.